தலைப்புப் பக்கத்தில் தொடங்கிய வழக்கு

அச்சு வருவதற்கு முன் ஒரு புதிய நூலைப் பற்றி மனத்தில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லும் இடம் அரங்கேற்ற அவைதான். அங்கே தடை சொல்வார்கள், புலவர் விடை சொல்வார், கூட்டம் கலைந்தால் சண்டையும் கலையும். ஏட்டில் ஏறியது பாராட்டு மட்டுமே. 1835-இல் அச்சகம் நடத்தும் உரிமை இந்தியர்களுக்குக் கிடைத்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. நூலின் முன்பக்கங்களில் நண்பர்களின் சாற்றுக்கவிகள் வரிசைகட்டி நின்றன. பிடிக்கவில்லை என்று அச்சில் சொல்ல விரும்பியவருக்குக் கையருகே இருந்த வடிவம் கண்டனம். பாதிரிமாரோடு வாதாடிக் கூர்தீட்டிய ஆயுதம் அது. அதை உயிரோடிருக்கும் ஒரு கவிஞரின் புதுப் புத்தகத்தின்மேல் வீசினால் என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரமும் கடலூரும் சாட்சி. அருட்பா–மருட்பாப் போரை இராமலிங்கர், ஆறுமுக நாவலர் என்ற இரு பெரியோரின் பகையாகவும் சைவத்தின் உட்பூசலாகவும் எழுதுவது வழக்கம். எனக்கு அது முதலில் ஒரு புத்தக மதிப்புரையாகத்தான் தெரிகிறது. அதிலும் பாட்டைவிட அட்டையைப் பற்றிய மதிப்புரை.

எதிரெதிரே நின்ற இருவருமே அச்சுலகம் அறிந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்கர், ஒழிவிலொடுக்கத்தையும் தொண்டமண்டல சதகத்தையும் 1850-களிலேயே பதிப்பித்தவர். அவரைவிட ஒரு வயது மூத்த நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தியவர். 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். ஒரு தலைப்புப் பக்கம் எவ்வளவு பேசும் என்பது இருவருக்குமே தெரியும். தம் பாடல்களை அச்சேற்ற இராமலிங்கர் எளிதில் இணங்கவில்லை. இணங்கிய பிறகும் தம் பெயரோடு ‘சாமி’ என்று சேர்ப்பது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதத்தில் மறுத்தார். 1867-இல் அவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் வெளியிட்ட புத்தகத்தில் ‘சாமி’ இல்லைதான். அந்த இடத்தில் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ வந்து நின்றது. நூலுக்குப் பெயர் திருவருட்பா. பகுதிகளுக்குப் பெயர் திருமுறை. கூடவே முதலியார் செய்யுளில் எழுதிய திருவருட்பா வரலாறு. மாணவரின் பக்தி பெரிது. அச்சில் ஏறும்போது அது உரிமைகோரலாகப் படிக்கப்படும் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

1869-இல் வந்த நாவலரின் ‘போலியருட்பா மறுப்பு’ குறிவைத்தது இந்த உரிமைகோரலைத்தான். அருட்பா என்பது தேவாரம், திருவாசகம் முதலானவற்றுக்கே உரிய பெயர், கோயிலில் ஓதத்தக்கவை அவையே, நேற்று அச்சான பாட்டுக்கு அந்தப் பெயரையும் இடத்தையும் யார் கொடுத்தது என்பது அவர் கேள்வி. தேவார ஏடுகள் மீட்கப்பட்டதாகவும் பெரியபுராணம் அரங்கேறியதாகவும் மரபு சொல்கிற தில்லையில் பள்ளிக்கூடம் வைத்திருந்தவருக்கு ‘திருமுறை’ வெறும் சொல் அன்று. பன்னிரண்டோடு முடிந்த கணக்கு. இராமலிங்கரின் பாடல்கள் 1867-க்கு முன்பே கையெழுத்திலும் பாடுவோர் வாயிலும் வழங்கிவந்தன. அப்போது வராத மறுப்பு, புத்தகமாகிப் பெயர் சூட்டப்பட்ட பின்பே வந்தது.

சண்டை உண்மையில் சாதி மறுப்புக்கும் ஆசாரத்துக்கும் இடையே நடந்தது, புத்தகம் வெறும் சாக்கு என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1865-இல் சன்மார்க்க சங்கம், 1867-இல் வடலூரில் தருமச்சாலை என்று இராமலிங்கர் நகர்ந்த திசை நாவலருக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆனால் சாதியையும் சாத்திரத்தையும் நேருக்கு நேர் உதறும் பாடல்கள் பெரிதும் ஆறாம் திருமுறையில் இருப்பவை. 1867-இல் வெளிவந்தவை முதல் நான்கு மட்டுமே. ஐந்தாவது 1880-இலும் ஆறாவது 1885-இலும்தான் அச்சாயின. நாவலர் 1879-இலேயே இறந்துவிட்டார். இன்று நாம் வள்ளலார் என்றதும் நினைக்கும் புத்தகம் அவர் கையில் இருந்ததில்லை. அவர் மறுத்தது பெரும்பாலும் பழைய பத்தி நெறியில் அமைந்த, சொல்லப்போனால் அவருக்கே பிடித்திருக்க வேண்டிய பாடல்களை.

வசையை மதிப்புரை என்று அழைப்பது தாராளம் என்றும் சொல்லலாம். கண்டனங்களின் மொழி கொடியது என்பதை நான் மறுக்கவில்லை. நூலையும் ஆளையும் பிரிக்கத் தெரியாத வடிவம் அது. இரு தரப்பாரும் அந்தப் பிழையைச் செய்தார்கள். அதனால்தான் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. அங்கே விசாரணைக்கு வந்தது நூல் அன்று. 1869-இல் சிதம்பரம் கோயிலில் இராமலிங்கர் தரப்பார் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு. தில்லைத் தீட்சிதர்களோடு அவருக்குத் தனியாக ஒரு பூசல் இருந்ததும் இதில் கலந்துகொண்டது. இராமலிங்கர் நுழைந்ததும் நாவலர் உட்பட அவையே எழுந்து நின்றது என்று ஒரு தரப்பார் கதை சொல்வார்கள்; தாம் அப்படிப் பேசவில்லை என்று சொல்லித் தப்பினார் என்று மற்றத் தரப்பார் சொல்வார்கள். இரண்டு கதையிலும் புத்தகத்தைக் காணோம்.

முப்பது ஆண்டுகள் கழித்துச் சண்டை மறுபடி கிளம்பியபோது ஆட்கள் மாறியிருந்தார்கள். நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம், மறைமலையடிகள் வள்ளலார் பக்கம். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்ற இசுலாமியப் புலவரும் அருட்பாவுக்காக வாதாடினார். சைவத்தின் உட்பூசல் என்ற விளக்கம் இவரை எங்கே வைக்கும் என்று தெரியவில்லை. கதிரைவேற்பிள்ளையின் நூல் ‘ஆபாச தர்ப்பணம்’. அந்தச் சொல்லுக்கு அன்று ‘போலி’ என்றே பொருள். இன்றைய வாசகர் வேறு எதையோ எதிர்பார்த்துப் புரட்டினால் ஏமாந்துபோவார். பெயர் சரியா என்ற கேள்வியே அங்கும் தொடர்கிறது. பின்னாளில் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை திருவருட்பாவுக்கு எழுதிய விரிவான உரையைப் பல தொகுதிகளாக வெளியிட்டது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாவலரின் பள்ளி இருக்கும் அதே ஊரில் அந்தத் தொகுதிகளின் அட்டையிலும் ‘திருவருட்பா’ என்றே அச்சாகியிருக்கிறது.