ஜான் ஆபிரகாமும் ஒரு தமிழ்க் கழுதையும்

ஜான் ஆபிரகாம் என்றதும் மோட்டார் சைக்கிளில் பறக்கும் அந்த இந்தி நடிகர் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. எங்கள் ஆபீஸிலும் எல்லோருக்கும் அவர்தான் வந்தார், ஒரே ஒரு கோட்டயத்துக்காரரைத் தவிர. அவர் மட்டும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "எந்த ஜான்? எங்க ஜானா?" என்றார். இந்தப் பதிவு அவர்களுடைய ஜானைப் பற்றியது. கொஞ்சம் நம்முடைய ஜானும்கூட. ஏனென்றால் அந்த மனிதர் எடுத்து முடித்த நாலு முழுநீளப் படங்களில் ஒன்று தமிழ்ப்படம். தேசிய விருது வாங்கிய தமிழ்ப்படம். நம்மில் பாதிப் பேருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

ஜான் பிறந்தது 1937 ஆகஸ்ட் 11. குட்டநாட்டுச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். திருவல்லா மார்த்தோமா கல்லூரியில் படிப்பு, சின்னதாக ஒரு வாத்தியார் வேலை, அதற்கப்புறம் எல்.ஐ.சி. உத்தியோகம். எங்கே தெரியுமா? நம்ம கர்நாடகாவில், பெல்லாரியில்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது. 1960-களில் எல்.ஐ.சி. வேலை என்றால் என்னவென்று நம் அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., பென்ஷன், பெண் வீட்டார் வாசலில் வரிசை. ஈஜிபுராவில் ரெண்டு பெட்ரூம் வாடகை வீட்டில் உட்கார்ந்து இ.எம்.ஐ. கணக்குப் போடும் என்னைப் போன்றவனுக்கு, வெளிமாநிலத்தில் கிடைத்த நிரந்தர வேலையை ஒருத்தன் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான் என்பதே வயிற்றைக் கலக்கும் விஷயம். அவர் போனது 1965-ல், பூனா திரைப்படக் கல்லூரிக்கு. அப்போது வயது இருபத்தெட்டு. கூடப் படிக்க வந்தவர்களில் பலர் அவரைவிடச் சின்னப் பையன்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அங்கே வாய்த்த வாத்தியார் சாதாரண ஆள் இல்லை. ரித்விக் கட்டக். பிரிவினையில் கிழக்கு வங்காளத்து வீட்டை இழந்தவர், அந்த இழப்பையே திரும்பத் திரும்பப் படமாக எடுத்தவர். பூனாவில் அவர் இருந்தது கொஞ்ச காலம்தான். ஆனால் மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் என்று அவர் விதைத்துவிட்டுப் போன விதைகள் மூன்றும் மூன்று விதமான மரங்களாக வளர்ந்தன. ஜான் திரைக்கதை, இயக்கம் இரண்டிலும் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். மணி கௌலின் முதல் படமான 'உஸ்கி ரோட்டி'யில் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். 1972-ல் மலையாளத்தில் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' என்று தன்னுடைய முதல் படத்தை எடுத்தார். மாணவர்களைப் பற்றிய படம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஜான் இன்னும் ஜான் ஆகவில்லை.

அடுத்து ஐந்து வருடம் கழித்து வந்ததுதான் 'அக்ரஹாரத்தில் கழுதை'.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாராயணசாமி ஒரு பேராசிரியர், கட்டைப் பிரம்மச்சாரி. தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி அவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. மனசு கேட்காமல் வளர்க்கிறார். கல்லூரியில் கேலி. சரி, ஊரிலாவது விடுவோம் என்று அக்ரஹாரத்தில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறார். உமா என்கிற வாய் பேசாத பெண்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது கோணலாக நடந்தாலும் பழி கழுதை மேல் விழுகிறது. உமாவை ஒருவன் ஏமாற்றுகிறான். அவளுக்குச் செத்துப் பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்கிறது. அதற்கும் கழுதைதான் காரணம் என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்கள். கொன்ற பிறகுதான் வேடிக்கை. நல்லது எது நடந்தாலும் அது கழுதையின் மகிமை என்றாகிவிடுகிறது. உயிரோடு இருந்தபோது திண்ணையில் ஏற விடாத பிராணிக்குக் கோயில் கட்டலாமா என்று பேச்சு வருகிறது. கடைசியில் நெருப்பு.

பிரெஞ்சுக்காரர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966-ல் ஒரு கழுதையை மையமாக வைத்து 'ஓ அசார் பல்தசார்' எடுத்தார். அதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கழுதையும் அந்தக் கழுதையும் ஒரே வம்சம் என்று தோன்றாமல் இருக்காது. ஆனால் பிரெஸ்ஸோனின் கழுதை புனிதரைப் போல மௌனமாகச் சாகிறது. ஜானின் கழுதை செத்தபிறகு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. செத்தவர்களுக்குச் சிலை வைப்பதில் நம் ஊரை மிஞ்ச முடியுமா, அந்தச் சிரிப்பு சுத்தத் தமிழ்ச் சிரிப்பு.

இப்போது ஒரு கேள்வி வரும். குட்டநாட்டுக் கிறிஸ்தவருக்குத் தமிழ் அக்ரஹாரத்தைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான கேள்விதான். பதில் படத்தின் டைட்டிலில் இருக்கிறது. திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன். கும்பகோணம் பக்கத்து உடையாளூர்க்காரர், சி.சு.செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகையில் எழுத ஆரம்பித்த விமர்சகர். ஹிராகுட் அணைக்கட்டு, பிறகு டெல்லி என்று வாழ்க்கையில் பெரும்பகுதி வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்த்தவர். (நம்ம ஜாதி! புலம்பெயர்ந்த ஜாதியைச் சொன்னேன் :-) ) ஊரை விட்டு வெளியே இருந்ததால்தான் ஊரை அப்படிப் பார்க்க முடிந்ததோ என்னவோ. பேராசிரியராக நடித்தவர் எம்.பி.சீனிவாசன், படத்துக்கு இசையும் அவரே. அவரும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். சுதந்திரப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்சலுவின் மகள் ஜாஹிதாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு.

ஆக, வெளியாள் வந்து நம்மைக் கேலி செய்துவிட்டான் என்கிற புகார் நிற்காது. வீட்டுக்காரர்கள் எழுதி, வீட்டுக்காரர் நடித்து, பக்கத்து வீட்டுக்காரர் இயக்கிய படம் அது.

1977-க்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம் என்ற விருது இதற்குக் கிடைத்தது. அதே பட்டியலில் '16 வயதினிலே' படத்தின் 'செந்தூரப்பூவே' பாட்டுக்காக எஸ்.ஜானகியும் இருக்கிறார். பாரதிராஜா தமிழ் சினிமாவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போன வருடம் அது. (அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி கர்நாடகாவில், கொள்ளேகால் மைசூர் பக்கம் எடுக்கப்பட்டது என்பது வேறு கதை.) ஒரு கிராமத்தைத் தமிழ்நாடே கொண்டாடியது. இன்னொரு கிராமத்தைப் பார்க்கவே இல்லை. பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. ஒரு தரப்புக்கு அந்தத் தலைப்பே அவமானம். இன்னொரு தரப்பு தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும், ஆனால் வெங்கட் சாமிநாதன் திராவிட இயக்கத்தையும் இடதுசாரிகளையும் சேர்த்தே விளாசுகிறவர், அவர் எழுதிய படத்தை அவர்கள் ஏன் தொடப்போகிறார்கள்? 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ரத்து செய்துவிட்டது. அரசாங்கமே விருது கொடுத்த படத்தை அரசாங்க டி.வி.யே போட முடியாமல் போனது.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்று விட்டுவிட முடியவில்லை. காரணம் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர். 1970-ல் கன்னடத்தில் 'சம்ஸ்காரா' வந்தது. யு.ஆர்.அனந்தமூர்த்தியின் நாவல், பட்டாபிராம ரெட்டி இயக்கம். அதுவும் அக்ரஹாரத்துக் கதைதான், அதுவும் பிணத்தை யார் எரிப்பது என்கிற சங்கடம்தான். சென்னைத் தணிக்கைக்காரர்கள் முதலில் தடை போட்டார்கள், பிறகு படம் வெளிவந்து இந்தியாவின் சிறந்த படம் என்ற விருதையே வாங்கியது. அதில் சந்திரியாக நடித்த சினேகலதா ரெட்டி அவசரநிலையின்போது பெங்களூர் மத்திய சிறையில் அடைபட்டு, உடம்பு கெட்டு, விடுதலையான சில நாட்களில் 1977 ஜனவரியில் இறந்துபோனார். இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஃப்ரீடம் பார்க்தான் அந்தச் சிறை.

இன்னும் ஆச்சரியம், கழுதை விருது வாங்கிய அதே 1977 பட்டியலில் நாட்டின் சிறந்த படம் எது தெரியுமா? கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்தா'. அதுவும் அனந்தமூர்த்தி கதை, அதிலும் அக்ரஹாரம், அதிலும் கர்ப்பமாகி ஊரால் கைவிடப்படும் ஒரு பெண். உமாவும் அந்த யமுனாவும் அக்கா தங்கச்சி மாதிரி. 'கடஸ்ராத்தா'வைக் கன்னடக்காரர்கள் தங்கள் சொத்தாகப் பாதுகாத்தார்கள். சீர்செய்யப்பட்ட பிரதி 2024-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நம் கழுதை இணையத்தில் மங்கலான ஒரு பிரதியாக மேய்ந்துகொண்டிருக்கிறது. இதற்கு என்னால் ஒரு சமாதானமும் சொல்ல முடியவில்லை. கன்னடத்தில் அந்தப் படங்களுக்குப் பின்னால் நாவல் இருந்தது, நாவலைப் படித்த ஒரு நடுத்தர வர்க்கம் இருந்தது, அது சண்டை போட்டாவது படத்தைப் பார்த்தது. நாம் சண்டைகூடப் போடவில்லை, பேசாமல் இருந்துவிட்டோம்.

சிரியாவில் ஓமர் அமிரலாய் என்று ஒரு சுயாதீன ஆவணப்பட இயக்குநர் இருந்தார். ஒரு சிரிய கிராமத்தின் அன்றாட வாழ்க்கையை 1974-ல் படமாக எடுத்தார், நாடகாசிரியர் சாதல்லா வனூஸுடன் சேர்ந்து. அரசாங்கம் தடை செய்தது. அவர் பல வருடம் பிரான்ஸில் இருந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. 2011 பிப்ரவரியில் டமாஸ்கஸில் காலமானார், அடுத்த மாதமே அங்கே கிளர்ச்சி வெடித்தது. அங்கே தடுத்தவன் யார் என்று பெயர் சொல்லிக் காட்டலாம். ஜானின் தமிழ்ப்படத்தைத் தடுத்தது யார் என்று யாரைக் காட்டுவது?

தமிழுக்கு ஜான் திரும்பி வரவில்லை. 1979-ல் 'செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள்' எடுத்தார். இந்த முறை தன் சொந்த வீட்டுக்குள்ளேயே கேமராவைத் திருப்பினார். குட்டநாட்டுச் சிரியன் கிறிஸ்தவ நிலக்கிழார் ஒருவர், கண்ணெதிரே நடந்த வன்முறையைப் பார்த்த குற்றவுணர்ச்சியில் புத்தி பேதலித்துப் போகும் கதை. அடூர் பாசி நடித்தார். மலையாளிகள் காமெடியன் என்று வைத்திருந்த மனிதரை இப்படிப் பார்த்ததும் திகைத்துப் போனார்கள். பிராமணர்களை மட்டும் குறிவைத்தார் என்று சொன்னவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் பதிலாகக் காட்டவேண்டும்.

அதற்கப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசாகத் தெரிகிறது. 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார். பெயரைக் கேட்டதும் ஐசன்ஸ்டீனின் படிக்கட்டுக் காட்சி நினைவுக்கு வரும். தயாரிப்பாளர் வேண்டாம், விநியோகஸ்தர் வேண்டாம், ஜனங்களே பணம் போடட்டும், ஜனங்களே பார்க்கட்டும் என்பது திட்டம். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டுவது, தெரு நாடகம் போடுவது, துண்டை விரித்துச் சில்லறை வாங்குவது. இன்று இணையத்தில் கூட்டு நிதி என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அதைக் கால்நடையாகச் செய்தார்கள். எங்கள் கோட்டயத்துக்காரர் சொன்னார், அவருடைய அப்பாவும் கொடுத்தாராம் இரண்டு ரூபாய். "அந்தப் படத்துக்கு எங்கப்பாவும் புரொட்யூசர்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படி உருவானதுதான் 1986-ன் 'அம்ம அறியான்'. அம்மாவுக்குத் தெரிவிக்க, என்று சொல்லலாம். டெல்லிக்குக் கிளம்பும் புருஷன் என்ற இளைஞன் (ஜாய் மேத்யூ) வழியில் வயநாட்டில் தூக்கில் தொங்கிய ஒரு உடலைப் பார்க்கிறான். யாரென்று விசாரித்தால், ஹரி என்கிற தபலாக் கலைஞன். அவனுடைய அம்மாவுக்குச் செய்தி சொல்லக் கொச்சி நோக்கிக் கிளம்புகிறார்கள். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நண்பன் சேர்ந்துகொள்கிறான், ஒவ்வொருவனின் அம்மாவும் வாசலில் நின்று பார்க்கிறாள். எல்லாவற்றையும் புருஷன் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாகச் சொல்கிறான். எழுபதுகளின் நக்சல்பாரி இளைஞர்கள் தோற்றுப்போன கதை அது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். வீட்டை விட்டு வந்து வருஷம் பத்தாகி, ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்கிற ஆட்களுக்கு அது வேறு மாதிரி உறைக்கும். ஒளிப்பதிவு செய்த வேணுவுக்குத் தேசிய விருது, ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது.

அதற்கடுத்த வருடமே எல்லாம் முடிந்துவிட்டது. கோழிக்கோட்டில் ஒரு மொட்டை மாடியிலிருந்து விழுந்து, 1987 மே 31 அன்று இறந்தார். வயது நாற்பத்தொன்பது. அவருடைய குடியைப் பற்றியும் நாடோடித்தனத்தைப் பற்றியும் கேரளாவில் ஆயிரம் கதைகள் உண்டு, சொல்பவர்கள் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகள் அலுப்பாக இருக்கின்றன. எடுத்தது நாலு படம், நன்றாக இருந்திருந்தால் இன்னும் எட்டு எடுத்திருப்பார் என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது.

எம்.பி.சீனிவாசன் 1988 மார்ச்சில், ஜான் போய் ஒரு வருடம் ஆவதற்குள், லட்சத்தீவில் காலமானார். வெங்கட் சாமிநாதன் நெடுநாள் இருந்தார். டொரண்டோவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2003-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. டெல்லி, சென்னை எல்லாம் சுற்றிக் கடைசியில் வந்து சேர்ந்தது நம் பெங்களூருக்குத்தான். 2015 அக்டோபர் 21 அன்று இங்கேதான் இறந்தார். கழுதையை எழுதிய மனிதர் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்தபோது, நாமெல்லாம் சோனி வேர்ல்ட் சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தோம்.

படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான், கறுப்பு வெள்ளை. வேகம் குறைவு, முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். செத்த குழந்தை வரும் பகுதி இருப்பதால் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது ஊரிலிருந்து வந்திருந்தால் கூட உட்கார வையுங்கள், என் மாமியார் பாதியில் எழுந்து போய்விட்டு, கழுதையை என்ன செய்தார்கள் என்று கேட்க இரண்டு தடவை திரும்பி வந்தார்.