கம்பனிக் கணக்கேட்டுக்குள் எங்கட கடல்: சின்னப்பா அரசரத்தினம்

ஆனையிறவு என்றால் எங்களுக்குப் போர்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குள் ஒரு ஏற்றுமதி வியாபாரமே இருக்கிறது எண்டு பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. வன்னியில் பிடித்த யானைகளை அந்தப் பக்கத்தால் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். முதலில் போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர். இப்படியான கதைகளைத் தேடிக்கொண்டு போனால் சின்னப்பா அரசரத்தினத்திடம் போய்ச் சேருவோம்.

1930இல் பிறந்த ஈழத்தமிழர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் அதிகாரம் பற்றிய அவரது ஆய்வு 1958இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வந்தது. அதற்காக ஒல்லாந்தக் கம்பனியின் பழைய கடிதங்களையும் அறிக்கைகளையும் அவர்களுடைய மொழியிலேயே வாசித்தார். பொறுமை இல்லாதவர்கள் கிட்டவும் போகேலாத வேலை.

கம்பனி தன் லாபத்துக்காகத்தான் எழுதியது. ஆனால் போட்டிக்கு வந்தவர்களைப் பற்றி முறைப்பட்டு முறைப்பட்டே அவர்களையும் பதிவு செய்துவிட்டது. அரசரத்தினம் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

பாக்கு வியாபாரத்தைப் பாருங்கள். தென்னிந்திய வியாபாரிகள் அரிசியும் துணியும் கொண்டுவந்து, திரும்பும்போது இலங்கைப் பாக்கை ஏற்றிப்போனார்கள். பாக்கும் துணியும் தனக்கு மட்டுமே எண்டு கம்பனி ஏகபோகம் போட்டது. பாக்கு இல்லையென்றால் அவர்கள் ஏன் வரவேண்டும்? வரத்துக் குறைந்தது, கூடவே அரிசியும் குறைந்தது. கள்ளக்கடத்தல் கூடியது. கம்பனிக்குள்ளேயே இதைப் பற்றிச் சண்டை. கடுதாசியில் இருந்த ஏகபோகம் கடலில் அப்படியே நடக்கவில்லை.

1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். மலேசியா, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூல் 1970இல் வந்தது. பிறகு அவுஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம். வலன்டைன் என்ற ஒல்லாந்துப் பாதிரியார் இலங்கையைப் பற்றி எழுதியதை ஆங்கிலத்தில் பதிப்பித்து 1978இல் வெளியிட்டார்.

எங்களுக்குப் பிடித்தது சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றிய 1986ஆம் ஆண்டு நூல். வாசிக்க லேசில்லை. சரக்கும் விலையும் துறைமுகமுமாகப் போகும், வீரநாயகர் எவரும் இல்லை. ஆனால் ஐரோப்பியர் வந்தவுடன் உள்ளூர் வணிகர் சுருண்டு விழுந்தார்கள் என்ற கதையை அது குலைத்துவிடுகிறது. சொந்தக் கப்பல் வைத்திருந்த செட்டிகளையும் சூலியா முஸ்லிம்களையும் கம்பனிகள் எதிர்க்கவும் வேண்டியிருந்தது, அவர்களிடமே சரக்குக்குப் போய் நிற்கவும் வேண்டியிருந்தது.

அப்ப எப்போதுதான் விழுந்தார்கள்? அதற்கு 1996இல் இன்னொரு நூல் எழுதினார், 1750 முதல் 1800 வரையான தென்கிழக்கு இந்தியாவைப் பற்றி. ஆங்கிலேயர் நிலத்தின் அதிகாரத்தையும் கையில் எடுத்த பிறகுதான் கரையில் நிலைமை மாறியது. அப்போதும் சூலியாக்களின் கப்பல்கள் கெடாவுக்கும் பினாங்குக்கும் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த நூல் வந்து இரண்டு வருடத்தில், 1998இல், அவர் காலமானார்.