ஓர் இரவுக்கு இரவலாக வந்த அறிக்கை

குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. "அங்கே எழுதுவது எல்லாம் கணிப்பொறிக்குத்தானே, ஐயா? மனிதர்க்கு என்ன எழுத வேண்டியிருக்கிறது?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மென்பொருளை எழுதியவர் ஒருநாள் வேறிடம் போய்விடுவார், மென்பொருள் நிலைத்திருக்கும். அதன் உறுப்புகள் எவை, ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன, ஏன் அவ்வாறு பிரிக்கப்பட்டன என்று சொல்லும் ஏடு பின்வருபவருக்கு வேண்டும். அதுவே கட்டமைப்பு ஆவணம். அதன் வரலாறு மென்பொருளுக்கும் முந்தியது.

1946 மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்ற இயற்பியலாரிடம் ஓர் அறிக்கை இரவலாக வந்தது. மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டும். நகலெடுக்கும் பொறியும் இல்லை. இரவு நெடுநேரம் விழித்திருந்து படித்தார். அவர் கட்டிய எட்சாக் கணிப்பொறி 1949 மே 6ஆம் நாள் இயங்கியது.

அந்த அறிக்கை ஜான் வான் நியூமன் 1945இல் எழுதியது, 101 பக்கம். அது வால்வுகளையும் கம்பிகளையும் விவரிக்கவில்லை. கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு எனப் பிரித்து, ஒவ்வொன்றின் பணியையும் கூறியது. காரணங்களையும் தந்தது. இரும எண்கள் ஏன்? வால்வு 'உண்டு, இல்லை' என்ற இரு நிலைகளில் இயல்பாக இயங்கும்; ஆகவே இருமமே பொருத்தம். குறையும் உண்டு: உடனுழைத்த எக்கர்ட், மாக்லி ஆகியோரின் பெயர்கள் முகப்பில் இல்லை.

பின்னர் பிரின்ஸ்டனில் வான் நியூமன் குழுவினர் தம் வடிவமைப்பை அறிக்கைகளாக வெளியிட்டனர். அவ்வமைப்பை ஒட்டியே நம் நாட்டிலும் ஒரு கணிப்பொறி எழுந்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் 1954இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய சிறு குழுவில் அவரைத் தவிர எவரும் அதற்குமுன் கணிப்பொறியைக் கையாண்டதில்லை. எனினும் 2,700 வால்வுகள் கொண்ட டிஃப்ராக் 1960இல் இயங்கலாயிற்று. கண்ணால் காணாத பொறியையும் தெளிந்த எழுத்து கட்டவைக்கும் என்பதற்கு இது சான்று.

மென்பொருளுக்கு இப்பாடத்தை 1972இல் டேவிட் பார்னஸ் கூர்மையாக்கினார். வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள். நாளை மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஓர் உறுப்புக்குள் அடக்குங்கள் என்றார். அப்போது ஒன்றை மாற்றினால் மற்றவை குலையா.

முதுகலை பயின்றபோது நான் ஒரு மின்வழங்கி அமைத்தேன். ஈராண்டு கழித்து அது பழுதானது. குறிப்பேட்டில் சுற்றுப்படம் இருந்தது. அந்த மின்தடையை ஏன் தேர்ந்தேன் என்பது இல்லை. என் பொறியே எனக்கு அந்நியமாயிற்று! மாணவ நண்பர்களே, உங்கள் ஆய்வக ஏட்டில் 'என்ன' என்பதோடு 'ஏன்' என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.