அண்ணாச்சியிடம் கேட்ட விலை

தமிழ்நாட்டில் ஒரு வினா ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொல்லப்படுமானால், அது 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தி.மு.க. மேடைகளிலும் ஊர்வலங்களிலும் ஒலித்த விலைவாசி வினாதான். காமராசரை அண்ணாச்சி என்று விளித்துக் கடலைப் பருப்பின் விலை என்னவாயிற்று என்று கேட்டது அது. முதலமைச்சர் பக்தவத்சலத்தை அதே முறைப்பெயரால் விளித்து அரிசியின் விலையைக் கேட்டது. ‘அண்ணாச்சி’க்கு ‘என்னாச்சு’ என்று இயைபு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடியபின், அன்று பிறந்திராதவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. இத்தனை காலம் நினைவில் நின்றதனாலேயே அதுதான் தேர்தலை வென்று தந்தது என்றும் நம்பிவிடுகிறோம். நினைவில் நிற்பது வேறு, வாக்கை மாற்றுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா என்று பார்க்கவே இக்கட்டுரை.

சொல்லிலிருந்து தொடங்குவோம். அண்ணாச்சி என்பது தாமிரபரணிக் கரையின் சொல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆதிச்சநல்லூரைத் தாண்டி, ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும் வழியெங்கும் மூத்தவரையும் முன்பின் அறியாதவரையும் கடைக்காரரையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். இச்சீமையினர் மளிகைக் கடை வைக்கச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தபோது சொல்லும் கூடவே போயிற்று. தெருமுனை மளிகைக்கு ‘அண்ணாச்சி கடை’ என்பதே பெயராகிவிட்டது. ஆகவே அண்ணாச்சியிடம் பருப்பு விலை கேட்பது தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் அன்றாடம் நடப்பது. அதை மேடையேற்றிய கணத்தில் அரசாங்கம் ஒரு கடையாகிவிடுகிறது. ஆள்பவர் தராசு பிடித்து நிற்கிறார். வாக்காளர் கையில் பையோடு எதிரே நிற்கிறார்.

காமராசருக்கு இந்த வேடம் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் வணிக நகரமான விருதுநகரில் பிறந்தவர், சிறுவயதில் தாய்மாமன் கடையில் வேலை பார்த்தவர். பக்தவத்சலமோ பூந்தமல்லிப் பக்கத்து நசரத்பேட்டைக்காரர், வழக்கறிஞர். அவரை எவரும் இயல்பாக அண்ணாச்சி என்று அழைத்திருக்க மாட்டார்கள். இயைபின் பொருட்டு அவரும் ஒரு தேர்தல் காலத்துக்கு நெல்லைச் சீமைக்காரரானார்!

இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏச்சாக இருந்திருந்தால் காங்கிரஸ் மேடைகள் கொதித்தெழுந்திருக்கும், அனுதாபம் திரண்டிருக்கும். முறை சொல்லி மரியாதையாகக் கேட்டவனிடம் கோபித்துக்கொள்வது கடினம். ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு முள்ளும் இருந்தது. அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்ற ஒருவரை அது மீண்டும் கடை மேடைக்கு இறக்கிவிட்டது. எங்களுக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

வினா நியாயமானதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியது 1963 அக்டோபர் 2ஆம் நாள். பருப்பு விலை ஏறிய ஆண்டுகளில் அவர் கையில் மாநில நிர்வாகம் இல்லை. 1964-65இல் 8 கோடியே 90 லட்சம் டன் இருந்த இந்தியாவின் உணவு தானிய விளைச்சல், மழை பொய்த்ததால் அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டிலும் தேறவில்லை. பாகிஸ்தானுடனான போர் 1965இல். 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது; டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது ஒரே நாளில் 7.50 ஆயிற்று. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலம் அது. இவை எல்லாம் சேர்ந்துதான் கடலைப் பருப்பின் விலை. எட்டயபுரத்தில் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிவைத்தவரிடம் போய்ச் சோற்றைப் பற்றிக் கேட்டது வரலாற்றின் குரூரங்களுள் ஒன்று என்றே சொல்வோம்.

ஆனால் மேலே நாங்கள் எழுதியதைப் போன்ற ஒரு பத்தியைப் பதிலாகச் சொல்லவேண்டிய நிலைக்குக் காங்கிரசைத் தள்ளியதுதான் அந்த வினாவின் திறம். கடைவாசலில் நிற்பவரிடம் பருவமழையையும் அந்நியச் செலாவணியையும் விளக்கும் கடைக்காரரை யார் பொறுத்துக்கொள்வார்? காங்கிரசுக்குப் பேச்சாளர் பஞ்சம் இருக்கவில்லை. கண்ணதாசனும் ஜெயகாந்தனும் அப்போது அந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். இருந்தும் அதே அளவிலான ஒரு மறுவினா அங்கிருந்து புறப்படவில்லை. நம் அரசியலில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதிடும் வழக்கம் வேரூன்றவில்லை. இன்று சந்தைத் திடலில் ஒருவர் கேட்டால் நாளை தேரடியில் மற்றவர் பதில் சொல்வார். இடைப்பட்ட ஓர் இரவில் வினா வீடுதோறும் போய்ச் சேர்ந்துவிடும். நெடிய பதிலுக்கு அங்கே வாய்ப்புக் குறைவு.

ஒரே மேடையில் மோதும் வழக்கம் உள்ள அமெரிக்காவில் இரண்டு வினாக்கள் ஒப்புநோக்கத் தக்கவை. 1858 ஆகஸ்டு 27ஆம் நாள் ஃப்ரீபோர்ட் நகரில், செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கன் தம் எதிராளி ஸ்டீபன் டக்ளசிடம் ஒரு வினா தொடுத்தார். மாநிலத் தகுதி பெறும் முன்பே ஒரு பிரதேசத்து மக்கள் சட்டப்படி அடிமைமுறையை விலக்கி வைக்க இயலுமா என்பது அது. இயலும் என்றார் டக்ளஸ். தென்பகுதியினர் அவரை வெறுத்தார்கள். 1860இல் அவரது கட்சி பிளந்தது. லிங்கன் குடியரசுத் தலைவரானார் என்று கதை சொல்வார்கள். ஆனால் டக்ளஸ் அதே பதிலை முன்பே பிற ஊர்களில் சொல்லியிருந்தார் என்பதைச் சுட்டி, வினாவின் மகிமையைக் குறைத்து மதிப்பிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தச் செனட் போட்டியில் தோற்றதும் லிங்கன்தான். மற்றொன்று 1980 அக்டோபர் 28ஆம் நாள், ஜிம்மி கார்ட்டருடனான விவாதத்தின் முடிவில் ரொனால்ட் ரீகன் கேட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா, கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது எளிதாகியிருக்கிறதா என்று அவர் வாக்காளரைக் கேட்டார், கார்ட்டரை அல்ல. அண்ணாச்சி வினாவின் குடும்பம் இதுதான். எதிராளியை விளித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் கேட்டுக்கொண்டிருப்பவர். அவர் பதிலோ அவர் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது.

இனிக் கணக்கு. 1962இல் காங்கிரஸ் பெற்ற வாக்கு சுமார் 46 சதவீதம். 1967இல் சுமார் 41. ஐந்து சதவீதப் புள்ளிகள்தாம் குறைந்தன. தி.மு.க. தனியாகப் பெற்றது 41க்கும் சற்றுக் குறைவு. ஆனால் இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது வினா அன்று, கூட்டணி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்டுகள் வரை ஒரே பக்கம் நின்றதால் முன்பு சிதறிய எதிர்ப்பு வாக்குகள் ஒன்றாயின. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடுகளும் ஆறாத புண்ணாக இருந்தன. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். கழுத்துக் கட்டோடு இருந்த அவர் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதே தேர்தலில் கேரளம், மேற்கு வங்கம், பீகார், ஒரிசா ஆகிய இடங்களிலும் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. அங்கெல்லாம் அண்ணாச்சி என்று கேட்க ஆளில்லை. விலைவாசியே கேட்டுக்கொண்டது.

எனவே மாநிலம் தழுவிய அளவில் அந்த வினா வாக்கை மாற்றிய அளவு சிறியது என்றே கருதுகிறோம். விருதுநகரை மட்டும் தனியே வைக்க வேண்டும். அங்கே காமராசர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றது 1,285 வாக்குகளில். அவ்வளவு மெல்லிய இடைவெளியில் எந்த ஒரு துரும்பும் காரணமாகியிருக்கலாம். அந்த ஊர் மொழியிலேயே அமைந்த ஒரு வினா துரும்பைவிடக் கனமானது. ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்றார். மத்தியில் உணவு அமைச்சராக இருந்து புதிய வீரிய விதைகளைக் கொண்டுவந்த சி. சுப்பிரமணியமும் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். விதை முளைக்கும் முன்பே தேர்தல் வந்துவிட்டது.

ஒரே வினா எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுந்திருக்குமா என்பது எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது. ஆதிச்சநல்லூரைச் சுற்றியிருப்பது தாமிரபரணிப் பாசன நிலம். அங்கே அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் தாழிகளோடு கிடைத்த கலங்களில் நெல் உமி இருந்தது; அத்தனை பழைய உறவு அந்த மண்ணுக்கும் நெல்லுக்கும். நெல் விற்பவருக்கு விலையேற்றம் நட்டம் இல்லை. அவருடைய மனக்குறை கொள்முதல் விலையையும் தானியத்தை வெளியே கொண்டுபோகத் தடுத்த கட்டுப்பாடுகளையும் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். கிழக்கே கடலோரத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். உப்பளத்தில் வாருபவரும் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் படகில் போகிறவரும் அரிசியைக் காசு கொடுத்து வாங்குபவர்கள். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பும் நின்றுபோயிருந்தது. வினா யாருக்காகக் கேட்கப்பட்டது என்றால் இவர்களுக்காகத்தான். ஆனாலும் ஆதிச்சநல்லூருக்கு அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டம் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற சி. பா. ஆதித்தனார் வென்று, பிறகு சட்டமன்றத் தலைவருமானார். நெல்லை விற்பவரைவிட, களத்தில் கூலிக்கு நின்று அரிசி வாங்கியவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆதித்தனார் ‘தினத்தந்தி’யை நிறுவியவர். சின்ன வாக்கியம், பேச்சுச் சொல், உடனே புரியும் தலைப்பு என்று அவர் பத்திரிகை பழக்கிவைத்த காதுகளுக்கு அண்ணாச்சி வினா புதிதாக இருந்திருக்காது.

வினாவின் மெய்யான வேலை வாக்குப்பதிவுக்குப் பின்தான் தொடங்கியது என்பது எங்கள் துணிபு. விலை கேட்டவர் கடையை ஏற்க நேர்ந்தால் விலை சொல்லியாக வேண்டும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்று தி.மு.க. வாக்களித்திருந்தது. 1967 மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சரான அண்ணா அந்த ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். பணச்சுமையால் அது மாநிலம் முழுதும் விரியவில்லை. மூன்று படி மேடையோடு நின்றது. ஆயினும் அரிசி விலைக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல அதன்பின் எந்த அரசாலும் இயலவில்லை. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது; 2006 தேர்தலில் கிலோ இரண்டு ரூபாய் அரிசி முதன்மை வாக்குறுதியானது; 2008இல் விலை ஒரு ரூபாயாயிற்று; 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. காங்கிரசைத் தோற்கடித்ததில் அந்த வினாவின் பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வென்றவர்களைக் கட்டிப்போட்டதில் அதன் பங்கு பெரிது.

அண்ணாச்சியின் கதையும் 1967உடன் முடியவில்லை. மார்ஷல் நேசமணி மறைவால் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி காலியானது. 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் அங்கே நின்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. எதிர் வேட்பாளரை ஆதரித்தது. சொந்த ஊரில் 1,285 வாக்குகளில் தோற்றவர், இரண்டே ஆண்டுகளுக்குள், அதே முறைப்பெயர் வழங்கும் தென்கோடியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று தில்லிக்குப் போனார்.