குப்பைக்குள் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு!

1776, நவம்பர் மாதம். வடக்கு இத்தாலியில் மஜோரே என்று ஒரு பெரிய ஏரி. கரையோரம் நாணல் மண்டிக்கிடக்கும் சேற்றுப் பகுதியில் ஒரு சின்னப் படகு. அதில் உட்கார்ந்திருந்த 31 வயது ஆசாமி, நீளமான கழி ஒன்றால் ஏரியின் அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிளறக் கிளற, 'குபுகுபு'வென்று குமிழிகள் மேலே வந்தன. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்தக் குமிழிகளைப் பிடித்தார். பிறகு புட்டியின் வாயருகே மெழுகுவத்தியைக் கொண்டுபோனார் (தீக்குச்சி அப்போது பிறக்கவே இல்லை!). உள்ளே இருந்த 'காற்று' மெல்லிய நீல நிறத்தில் எரிந்தது!

அந்த ஆசாமியின் பெயர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. ஆமாம், அவரேதான். பிற்பாடு 1800-ல் முதல் பேட்டரியைச் செய்து காட்டியவர். உங்கள் வீட்டு மின்சாரத்தை '230 வோல்ட்' என்கிறோமே, அந்த 'வோல்ட்' இவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

மின்சாரக்காரருக்கு சேற்றில் என்ன வேலை என்கிறீர்களா? காம்பி என்கிற பாதிரியார் நண்பர் ஒருவர், 'எங்கள் பக்கத்தில் ஓர் ஊற்று. அங்கே வருகிற காற்று தீப்பிடிக்கிறது' என்று சொல்லிவைத்தார். வோல்ட்டாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தேடிப் போனார், கண்டுபிடித்தார். மறு வருஷமே அந்த நண்பருக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். சேற்றில் மட்கும் தாவரங்களிலிருந்து கிளம்புகிற அந்தக் காற்றைத்தான் இன்றைக்கு 'மீத்தேன்' என்கிறோம்.

நம் ஊர்க்காரர்கள் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஆனால் புட்டியில் பிடிக்கவில்லை, பயந்து ஓடினார்கள்! ராத்திரி நேரத்தில் சதுப்பு நிலங்களில் விட்டுவிட்டுத் தெரியும் வெளிச்சத்துக்கு 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று பெயர் வைத்து, குழந்தைகளைச் சாப்பிடவைக்க அந்தப் பிசாசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்... அந்தக் குழந்தை சாப்பிடாமல் தட்டில் மிச்சம் வைத்த சோற்றுக்குள்ளேயும் அதே பிசாசு ஒளிந்திருக்கிறது!

எப்படி என்று புரிய, உங்கள் வீட்டு இட்லி மாவுப் பாத்திரம் போதும். அரைத்துவைத்த மாவு மறுநாள் காலையில் பொங்கி நிற்கிறதில்லையா? அதிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று, புளிப்பு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகின்றன. மாவு புளிக்கிறது, பொங்குகிறது. நாம் அந்த இடத்தில் நிறுத்தி, ஆவியில் வேகவைத்துவிடுகிறோம். நிறுத்தாமல், காற்றே புகாத ஒரு தொட்டியில் அந்தப் புளிப்பைத் தொடரவிட்டால்? இரண்டாவதாக ஒரு கோஷ்டி உள்ளே வரும். முதல் கோஷ்டி விட்டுப்போன அமிலம்தான் இந்தக் கோஷ்டிக்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு மீத்தேனை வெளியே விடும். காற்று (அதாவது ஆக்ஸிஜன்) பட்டால் இவை செத்துப்போகும். அதனால் சேற்றுக்கு அடியில், மாட்டின் வயிற்றில், குப்பை மேட்டின் ஆழத்தில் என்று இருட்டான இடமாகப் பார்த்துக் குடித்தனம் நடத்துகின்றன. ரொம்ப நாள் இவற்றையும் பாக்டீரியா என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1977-ல் அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்கிற இரண்டு விஞ்ஞானிகள், 'இவை பாக்டீரியாவே இல்லை, உயிரினங்களில் இது தனி வம்சம்!' என்று சொல்லி உயிரியல் பாடப் புத்தகத்தையே மாற்றி எழுதவைத்தார்கள்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். வோல்ட்டாவுக்குப் பிறகு, இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி 1808-ல் மாட்டுச் சாணத்திலிருந்தும் இந்த வாயு வருவதைக் கவனித்தார். அவருக்கு அக்கறையெல்லாம் உரத்தின் மீது. எரிகிற வாயுவை அவர் கண்டுகொள்ளவில்லை. பிரான்ஸில் லூயி பாஸ்டரின் சீடர் உலிஸ் கேயோன் 1884-ல் குதிரைச் சாணத்தைப் புளிக்கவைத்து வாயு எடுத்துக்காட்டியபோது, 'இதை வைத்து விளக்கேற்றலாம், குளிர் காயலாம்' என்பது பாஸ்டருக்கு உடனே உறைத்தது. ஆனாலும் நிஜமாகவே விளக்கு எரிந்தது 1890-களில், இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில்தான். டொனால்ட் கேமரான் என்கிற நகரசபைப் பொறியாளர், சாக்கடைக் கழிவை மூடிய தொட்டியில் விட்டு, அதில் கிளம்பிய வாயுவைக் குழாய் வழியே கொண்டுபோய் விளக்கேற்றினார். 'செப்டிக் டேங்க்' என்று இன்றைக்கு எல்லோர் வாயிலும் புழங்குகிற பெயரைப் பிரபலமாக்கியதும் அவருடைய அந்தத் தொட்டிதான்.

அதே காலகட்டத்தில் நம் நாட்டிலும் ஒரு சம்பவம். பம்பாய், மாதுங்கா. அங்கே வீடற்ற தொழுநோயாளிகளுக்கு ஒரு காப்பகம். தெருவில் திரிந்தவர்களை, ஊர் பார்க்கவே அருவருத்தவர்களை, கொண்டுவந்து வைத்த இடம். அந்தக் காப்பகத்தின் கழிவுத் தொட்டிகளுக்கு 1897-ல் மூடி போட்டு, வாயுவைச் சேகரித்து, அதை வைத்து எஞ்சினே ஓட்டினார்கள்!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சாண எரிவாயு பற்றிய புத்தகங்களையும் கட்டுரைகளையும் நீங்கள் புரட்டினால், 'உலகின் முதல் எரிவாயுக் கலன், 1859-ல் பம்பாய் தொழுநோய்க் காப்பகத்தில்' என்று பல இடங்களில் போட்டிருக்கும். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பாய் முனிசிபல் கமிஷனர் ஆக்வொர்த் முயற்சியால் அந்தக் காப்பகம் திறக்கப்பட்டதே 1890-ல்தான். இல்லாத காப்பகத்தில் எப்படித் தொட்டி இருந்திருக்கும்? யாரோ ஒருவர் எங்கேயோ வருஷத்தைத் தப்பாக எழுத, அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, இப்படியே அது 'சரித்திரம்' ஆகிவிட்டது என்று தோன்றுகிறது. 1897 போதும். அதுவே நமக்குப் போதுமான பெருமை.

அப்புறம் அந்த விஷயத்தைச் சௌகரியமாக மறந்துபோனோம். 1939-ல் எஸ்.வி.தேசாய், டெல்லியிலிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சாணத்தை வைத்துப் பரிசோதனை நடத்தினார். 1950-களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த 'கிராமலக்ஷ்மி' கலன் வந்தது. தொட்டிக்கு மேலே இரும்பு டிரம் மிதக்கும். வாயு சேரச் சேர டிரம் உயரும், அடுப்பு எரிய எரிய இறங்கும். கதர் கிராமத் தொழில் கமிஷன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. உங்களில் சிலருடைய தாத்தா வீட்டுக் கொல்லையில்கூட அப்படியொன்று துருப்பிடித்துக் கிடக்கலாம்.

அதில் ஒரு சிக்கல். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டுமானால் நாலைந்து மாடாவது வேண்டும். மாடு இல்லாதவன் என்ன செய்வான்? முக்கியமாக, அடுக்குமாடியில் குடியிருக்கிற நீங்களும் நானும்?

இதற்குப் பதில் புனேயில் கிடைத்தது. ஆனந்த் கார்வே என்கிற தாவரவியல் விஞ்ஞானி. ('யுகாந்தா' எழுதிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வேயின் மகன், பெண் கல்விக்காக வாழ்ந்த மகரிஷி கார்வேயின் பேரன். பரம்பரையாகவே வித்தியாசமாக யோசிக்கிற குடும்பம்!) அவர் கேட்ட கேள்வி படு எளிமையானது. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்தானே வாயுவை உண்டாக்குகிறது? அதற்கு நாம் போடுவது என்ன? சாணம்! அதாவது, மாடு சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு 'வேண்டாம்' என்று வெளியே தள்ளியதை! அதற்குப் பதிலாக, மாடு சாப்பிடுகிற மாதிரியான சத்துள்ள சாப்பாட்டையே போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தார், 2003-ல். மிச்சச் சோறு, கெட்டுப்போன மாவு, அழுகிய பழம். வாயு பிய்த்துக்கொண்டு வந்தது. அவருடைய நிறுவனம் சொன்ன கணக்கு இது: பழைய முறையில் 40 கிலோ சாணம் போட்டு 40 நாள் காத்திருந்து கிடைக்கிற மீத்தேனை, 2 கிலோ மாவுப் பொருளிலிருந்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். அளவு, சுமார் அரைக் கிலோ. கலனும் பிரமாதமாக ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் வைக்கிறோமே, அந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இரண்டு. பெரியதில் கழிவு, அதற்குள் சின்னது கவிழ்ந்து மிதக்கும். 2006-ல் இங்கிலாந்தின் ஆஷ்டென் விருது இதைத் தேடி வந்தது.

உடனே கேஸ் கனெக்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 2 கிலோ, காய்ந்த மாவின் கணக்கு. நம் வீட்டில் மிஞ்சுகிற சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். காய்கறித் தோலில் அதைவிட அதிகம். நடைமுறையில் 5 கிலோ ஈரக் கழிவு போட்டால் ஓர் அடுப்பு சுமார் ஒரு மணி நேரம் எரியும். நாலு பேர் உள்ள வீட்டில் 5 கிலோ எங்கே சேரும்? என்னைக் கேட்டால், தனி வீட்டைவிட ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம், 50 குடித்தனம் உள்ள அபார்ட்மென்ட், இவற்றுக்குத்தான் இது சரியான சரக்கு. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 2000-களின் நடுவில் தினம் 30 டன் காய்கறிக் கழிவைச் சாப்பிடும் அளவுக்கே ஓர் ஆலை அமைத்து, மின்சாரம் எடுக்க முயன்றார்கள்.

கேஸ் மிச்சமாவது அப்புறம். இதில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் தொட்டியில் போடாவிட்டாலும் அந்தச் சோறு சும்மா இருக்கப்போவதில்லை. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு லாரியில் ஏற்றி விடுகிறீர்கள். அது குப்பை மேட்டில், மற்ற குப்பைக்கு அடியில், காற்றில்லாமல் புதைகிறது. அங்கேயும் அதே புளிப்பு, அதே மீத்தேன். பிடிக்கத்தான் ஆளில்லை. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்கு மேல் வலுவானது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் 60 சதவிகிதம் வீடுகளில்!

2005, பிப்ரவரி 21. இந்தோனேஷியாவில் பாண்டுங் நகருக்குப் பக்கத்தில் லியூவிகஜா குப்பை மேடு. உள்ளே தீ கனன்றுகொண்டிருந்தது. மேலே விடாத மழை. ஊர் தூங்கிக்கொண்டிருந்த பின்னிரவில் அந்த மலை அப்படியே சரிந்து கீழே இருந்த குடியிருப்புகளை மூடியது. செத்துப்போனவர்கள் 140 பேருக்கு மேல். குப்பையைப் பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களும் அதில் அடக்கம். அதன் நினைவாக அந்தத் தேதியை இந்தோனேஷியா தேசிய குப்பை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது. நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக்கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அது இருப்பது எங்கே தெரியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்! கொள்ளிவாய்ப் பிசாசின் சொந்த வீட்டுக்கே நாம் தினமும் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் குடியிருப்பில் தொட்டி வைப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். முதலில் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். உரை மோர் மாதிரி அது. ஒரு தடவை போதும். முதலில் கிளம்பும் வாயு எரியாது, பெரும்பாலும் கரியமில வாயுதான். திறந்து வெளியே விட்டுவிடுங்கள். எரிகிற வாயு வர இரண்டு, மூன்று வாரமாகும். அந்த ஆர்வத்தில் கல்யாண மிச்சம் மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். முதல் கோஷ்டி அவசரமாகத் தின்று அமிலத்தைக் கக்கிவிடும். இரண்டாவது கோஷ்டி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் படுத்துவிடும். தொட்டி புளித்துப்போய், வாயு நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் போட வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார் கூடாது. அவை மட்காமல் அடியில் தங்கி, குழாயை அடைக்கும். வெளியே வழிகிற கரைசலைத் தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். பிளாஸ்டிக் பையோடு சேர்த்து உள்ளே போடுகிற மூன்றாவது மாடிக்காரரைத்தான் யாராவது போய்ப் பார்த்துப் பேச வேண்டும்.