மறைபுள்ளியும் முடியாத மதிலும்

கல்வெட்டும் ஏடும் போலவே ஒளிப்படமும் வரலாற்றுச் சான்றாகும். சிதைந்த கல்வெட்டைப் படிக்கும் ஆய்வாளன், தான் ஊகித்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டுக் காட்டுவான். சிதைந்த ஒளிப்படத்தைக் கணினியிற் செப்பனிடுவோரோ பெரும்பாலும் அவ்வாறு காட்டுவதில்லை. இவ்வேறுபாட்டின் விளைவைக் கண்டிச் சூழலை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியை அண்மித்த தெகல்தொருவ விகாரையின் பணி, மதுரை நாயக்கர் மரபுவழி வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747 - 1782) காலத்தில் தொடங்கி, அவனுக்குப்பின் ஆண்ட ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. அதன் சுவர்களில் வெசந்தர சாதகம் முதலிய கதைகள் கிடைப் பட்டைகளாகத் தொடர்கின்றன. ஒரே மாந்தர் காட்சிக்குக் காட்சி மீண்டும் தோன்றுவர். தொலைவு கருதி உருவங்கள் சிறுத்துச் செல்வதில்லை. ஓர் உருவத்தைப் படியெடுத்து மறுமுனையில் வரைந்தாலும் அளவு பிறழாது. பார்ப்போனின் கண் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டுமென்று அவ்வோவியம் கோரவில்லை.

ஒளிப்படமோ ஒற்றைக் கண்ணின் பார்வை. ஆழ்ந்து செல்லும் இணைகோடுகள் தொலைவில் ஒரு மறைபுள்ளியிற் கூடுவதாகத் தோன்றும் என்னும் நெறியை 1435இல் இத்தாலியரான அல்பேர்ட்டி எழுத்தில் வகுத்தார். ஒளிப்படக் கருவியின் வில்லை அந்நெறியைத் தானாகவே நிறைவேற்றிற்று. 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் போன்றோர் கண்டியில் ஒளிப்படத் தொழில் நடத்தினர். பேராதனைப் பூங்காவின் பனை நிரைகளிடையே நின்று நோக்குவார்க்கு இந்நெறி எளிதில் விளங்கும்: ஒத்த உயரமுடைய மரங்கள் செல்லச்செல்லக் குறுகுகின்றன.

1990இல் வெளிவந்த போட்டோஷொப் மென்பொருள், படத்தின் ஒரு பகுதியைப் படியெடுத்து வேறிடத்திற் பதிக்கும் வேலையைப் பலர்க்கும் எளிதாக்கிற்று. ஆயினும் முன்னே நிற்கும் மரத்தைப் படியெடுத்துத் தொலைவிற் பதித்தால் அது அளவிற் பெருத்துப் பொய்யெனப் புலப்பட்டுவிடும். 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைபுள்ளியின் பெயராலேயே அமைந்த ஒரு வசதி இக்குறையை நீக்கியது. ஆழ்ந்து செல்லும் தளமொன்றின் நான்கு மூலைகளைப் பயனாளர் குறித்தால், படியெடுத்த பகுதியை அத்தளத்தின் தோற்றத்திற்கேற்பக் கணினியே சுருக்கியும் விரித்தும் பொருத்தும்.

இங்கேதான் வரலாற்றாசிரியன் விழிப்படைய வேண்டும். கண்டி வாவியைச் சூழும் முகில் வடிவ மதிலை எண்ணுக. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எழுப்பத் தொடங்கிய அம்மதில், 1815இல் அவன் ஆட்சி வீழ்ந்தமையால் வாவி முழுவதையும் சூழாது நின்றது. பழைய ஒளிப்படமொன்றில் மதில் முடியும் இடம் கறைபட்டிருப்பதாகக் கொள்வோம். செப்பனிடுவோன் முன்பகுதியைப் படியெடுத்து, மறைபுள்ளி பிசகாமல் கறையின்மீது நீட்டிவிடுகிறான். படம் அழகுறும்; ஆனால் அரசன் கட்டாத மதிலைக் கணினி கட்டிவிடும். முன்னர் அளவுப் பிழையே பொய்யைக் காட்டிக் கொடுத்தது; இப்பொழுது அக்காவலும் இல்லை.

இக்கவலை வீணன்று. 1998 சனவரி 25ஆம் நாள் குண்டுவெடிப்பில் தலதா மாளிகையின் முகப்புச் சேதமுற்றது. அத்தகைய அழிவின்பின், இழந்ததன் வடிவை அறியப் பழைய படங்களை நாட நேரும். அப்படங்களே கற்பனையாற் செப்பனிடப்பட்டிருப்பின், அவற்றைப் பார்த்து எழுப்பும் கட்டடமும் பிழைபடும்.

பழங்கட்டடங்களைப் பேணுதற்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்த பகுதி மூலத்தினின்றும் வேறுபடுத்தி அறியக்கூடியதாயிருத்தல் வேண்டுமென விதிக்கிறது. ஒளிப்படத்திற்கும் அவ்விதி பொருந்தும். மூலப்படியைத் திருத்தாது பேணுவோம். செப்பனிட்ட படியில், சேர்த்த இடம் இதுவெனக் குறிப்போம். கறை ஓர் இழப்பே. ஆயினும் அது பொய் சொல்வதில்லை.