பால் குறைஞ்சா யார் பதில் சொல்றது?

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஆனா சத்துவாச்சாரி பக்கம் நெடுஞ்சாலை ஓரமா காவி உடுத்தின கூட்டம் நடந்து போகிறதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரங்க ஏதோ முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரைன்னு நினைச்சுக்குவாங்க. கிட்டப் போனாத்தான் கழுத்தில் ஜெபமாலை தெரியும். முன்னாடி தள்ளிக்கொண்டு போகிற சின்ன வண்டியில் பூ அலங்காரத்துக்குள்ளே புடவை கட்டின மாதா சொரூபம் இருக்கும். வேளாங்கண்ணி இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

போன வருஷம் எங்க பக்கத்து வீட்டு அக்காவோடு நின்று இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவங்க ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறவங்க. கிறிஸ்தவங்க கிடையாது. ஆனா வேளாங்கண்ணிக்கு நாலு தடவை போய் வந்திருக்காங்க. பேச்சுவாக்கில் பால்காரப் பையன் கதை வந்தது. நான் பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி, "அந்தக் கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். அவங்க அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பாவம்பா அந்தப் பையன். முதலாளிக்குக் கொண்டுபோற பாலு. குறைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றாங்க.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். எனக்கு முதல் மொட்டை போட்டதே வேளாங்கண்ணியில்தான். (நாங்களும் கிறிஸ்தவங்க இல்லை. அதெல்லாம் எங்க அம்மாவுக்குப் பொருட்டில்லை.) ஆனா பால் அந்தப் பையனுடையது இல்லை என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 16ஆம் நூற்றாண்டு என்று மரபு சொல்கிறது. நாகப்பட்டினத்தில் இருக்கிற முதலாளி வீட்டுக்குப் பால் கொண்டுபோகிற ஒரு பையன், வழியில் குளக்கரை ஆலமரத்தடியில் அசந்து தூங்கிவிடுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்கிறாள். கொடுக்கிறான். முதலாளி வீட்டுக்குப் போய், தாமதத்துக்கும் பால் குறைந்ததற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குடத்தைத் திறந்தால் பால் பொங்கி வழிகிறது. அந்தக் குளத்தைத்தான் இன்றைக்கு மாதா குளம் என்கிறோம். அடுத்த கதை நடுத்திட்டில் நடக்கிறது. அங்கே கால் ஊனமான, மோர் விற்கிற பையன். அவனிடமும் குழந்தைக்கு மோர்தான் கேட்கிறாள். பிறகு, நாகப்பட்டினத்தில் இருக்கிற ஒரு கத்தோலிக்கப் பணக்காரரிடம் போய் எனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். நடக்க முடியாதவன் எழுந்து ஓடுகிறான். கூரைக் கோயில் எழும்புகிறது. மூன்றாவது கதை புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகளைப் பற்றியது. அவர்கள் கரையேறிய நாள் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். இன்றைக்கும் பெருவிழா அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் அப்போதே யாரும் விசாரித்து எழுதி வைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர்கள் இருந்தது உண்மை. 1658இல் டச்சுக்காரர்கள் அந்த ஊரைப் பிடித்ததும் உண்மை. 1771இல் வேளாங்கண்ணி தனிப் பங்காகிறது. 1962இல் போப் 23ஆம் ஜான் அதைப் பசிலிக்காவாக உயர்த்துகிறார். ஆனால் ஆலமரத்தடிக்கு மட்டும் சாட்சி கிடையாது. வாய்மொழிதான்.

லூர்து இதற்கு நேர் எதிர். 1858 பிப்ரவரி 11ஆம் தேதி தொடங்கி ஜூலை வரை பதினெட்டு முறை காட்சி கண்டதாகச் சொன்ன பெர்னதெத் என்ற பதினாலு வயசுப் பெண்ணைப் போலீஸ் கமிஷனர் கூப்பிட்டு விசாரித்தார். பதில்கள் குறிக்கப்பட்டன. ஆயர் ஒரு குழு போட்டார். 1862 ஜனவரியில்தான் இது நம்பத்தக்கது என்று அறிவிப்பு வந்தது. நாள், நேரம், கேள்வி, பதில் எல்லாம் கோப்பில் இருக்கிறது. 1864இல் ஒரு சிற்பி கெபிக்கென்று சிலை செய்தார். அதைப் பார்த்த பெர்னதெத்துக்குத் திருப்தி இல்லை, தான் பார்த்தது அப்படி இல்லை என்றாள். நம்ம ஊர்க் கெபிகளில் வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையுமாக நிற்கிற மாதாவெல்லாம் அந்தச் சிலையின் வழி வந்தவர்கள்தான்! கோப்பு இருந்தாலும் நிலைமை அப்படித்தான்.

அந்த விசாரணைப் பதிவுகளில் என்னை நிறுத்தியது வேறொன்று. பெர்னதெத்தின் அப்பா நொடித்துப்போன மாவு மில்காரர். குடும்பமே பழைய சிறைச்சாலையின் ஓர் அறையில் குடியிருந்தது. காட்சியில் வந்த பெண் அவளிடம் பிரெஞ்சில் பேசவில்லை, அந்த ஊர்ப் பேச்சில் பேசினாள். அதுவும் மரியாதையாக. "பதினைந்து நாள் இங்கே வர முடியுமா, எனக்காக" என்கிற தோரணையில். நம்ம கணக்குக்கு, நீ வா என்று சொல்லவில்லை, நீங்க வர்றீங்களா என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடம் அதுவரை அப்படி யாரும் பேசியதில்லை. அந்த ஆச்சரியத்தை அவள் பின்னாளிலும் சொல்லியிருக்கிறாள்.

லூர்து மாதா எங்கள் பக்கம் வந்தது பிரெஞ்சுக் குருக்கள் வழியாக. பழைய வடஆற்காட்டில் சேத்துப்பட்டு அதற்கு மையம். தராஸ் சாமியார் என்று இன்றும் பேர் சொல்கிறார்களே, அந்த ழான் பிரான்சுவா தராஸ் (1835–1916) அங்கே ஊன்றினார். 1876–78 பஞ்சம் இந்த மாவட்டத்தை உலுக்கியபோது சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் அந்தச் சபைக்கு வந்தார்கள். கஞ்சிக்கு மதம் மாறினவங்க என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களிடம் தத்துவக் காரணம் கேட்கிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. சேத்துப்பட்டின் பெரிய கோயில் லூர்து மாதா பேரில் எழுந்தது. பண்ணையில் அடிமை மாதிரி உழைத்தவர்களின் ஊரில், சிறையறையில் வாழ்ந்த பெண்ணிடம் மரியாதையாகப் பேசின மாதா.

இங்கேதான் அக்கா சொன்னது திரும்ப வந்தது. வேளாங்கண்ணியைக் 'கிழக்கின் லூர்து' என்று அச்சடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டமே பிடிக்காது. லூர்துக்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பே அங்கே கூட்டம் கூடிவிட்டது, அப்புறம் எப்படி அது இதனுடைய நகல்? இரண்டும் வேறு மாதிரி. லூர்தில் மாதா ஜெபி, தவம் செய், ஊற்றில் குடி என்கிறாள். வேளாங்கண்ணியில் முதல் காட்சியில் எந்தச் செய்தியும் இல்லை. குழந்தைக்குப் பால் வேண்டும், அவ்வளவுதான். மாதாவே கை நீட்டிக் கேட்கிறாள். யாரிடம்? தன் கையில் இருப்பது தனக்குச் சொந்தமில்லாத ஒரு கூலிக்காரப் பையனிடம். அவன் கொடுப்பது முதலாளி கணக்கில் திருட்டு. அதனால் அந்தப் புதுமையில் முதலில் நடப்பது குணமாவதோ மனந்திரும்புவதோ இல்லை. பையன் அடியிலிருந்து தப்பிக்கிறான். கணக்கு நேராகிறது.

நாகைக்குப் பக்கத்திலேயே சிக்கல் இருக்கிறது. காமதேனுவின் பால் குளமானது, வசிட்டர் அந்த வெண்ணெயில் லிங்கம் பிடித்தார் என்பது அந்தத் தலபுராணம். அம்மன் பெயர் வேல்நெடுங்கண்ணி. இதை வைத்துக்கொண்டு இது அதிலிருந்து திருடியது என்று சண்டை போடுகிறவர்கள் இணையத்தில் நிறைய. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். அந்த மண்ணில் அருள் என்றால் பால், அந்த வட்டாரத்தில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் சிக்கல் கதையில் காமதேனு இருக்கிறது, முனிவர் இருக்கிறார். வேளாங்கண்ணிக் கதையில் முதலாளிக்குப் பயந்த ஒரு பையன் இருக்கிறான். வாய்மொழிக் கதை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது என்றால் அதை யாரோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். போர்த்துக்கீசிய மாலுமியோ நாகை வணிகரோ சொல்லியிருந்தால் இந்தப் பயத்தை விட்டுவிட்டிருப்பார்கள், அவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது என்பது என் ஊகம். படியளந்து கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்தான் இதை விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஆவணம் இல்லை என்று நான் சொன்னேனே, இதைவிட ஆவணம் எங்கே தேடப்போகிறேன்?

ரோமும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்து நின்றது. 2024 மே மாதம் வத்திக்கான் புது நெறிமுறை வெளியிட்டது. இனிமேல் ஒரு காட்சி தெய்வீகமானதுதான் என்று பொதுவாக அறிவிக்கப்போவதில்லை. பக்திக்குத் தடையில்லை என்பதுதான் அதிகபட்ச அங்கீகாரம். அதே ஆகஸ்டில் விசுவாசக் கோட்பாட்டுத் துறையிலிருந்து தஞ்சை ஆயருக்கு வேளாங்கண்ணி பற்றி ஒரு கடிதம் வந்தது. பிற மதத்தவர் அங்கே வந்து ஆறுதல் அடைவதை மதக் கலப்படம் என்று பார்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. எங்க அம்மா எனக்கு மொட்டை போட்டதுக்கு ரொம்பத் தாமதமாக அனுமதி கிடைத்த மாதிரி இருந்தது.

கடிதத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா லெட்டர் போடுவாங்க?" என்று சிரித்தாங்க. இந்த வருஷம் என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, மகளுக்குக் கால் வலி, ஆஸ்பத்திரியிலும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், மாதாகிட்டயும் சொல்லி வைக்கணும் என்றாங்க. வேலூர் மாதிரி ஆஸ்பத்திரி ஊரில் ஆரோக்கிய மாதாவுக்கு எப்போதும் வேலை உண்டு. மேற்கொண்டு கேட்பதற்குள் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. "வரேன்பா, லேட்டானா அரை நாள் புடிச்சிடுவாங்க" என்று ஓடினாங்க.